ஓலைத்தூக்கும் தன்னைப் புகழ்தலும்: தமிழில் விண்ணப்ப எழுத்தின் மரபு

முன்னுரை

வேலைக்கும் கல்லூரிச் சேர்க்கைக்கும் விண்ணப்பிப்போர் தம் தகுதியைத் தாமே எடுத்துரைக்க வேண்டியுள்ளது. தற்புகழ்ச்சி தகாது என்று பயின்று வந்த தமிழ் மாணவர் பலர்க்கு இது கூச்சம் தருகிறது. விண்ணப்பக் கடிதம் ஆங்கிலக் கல்வியோடு வந்த எழுத்துவகை என்னும் எண்ணமும் இக்கூச்சத்தை வளர்க்கிறது. இவ்வெண்ணம் பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பரிந்துரை மடல்

பதினோராம் திருமுறையின் முதற்பகுதியாக அமைந்திருப்பது திருமுகப் பாசுரம். மதுரை ஆலவாய் இறைவன், பாணபத்திரன் என்னும் யாழ்ப்பாணனுக்குப் பொருள் வழங்குமாறு சேரமான் பெருமாளுக்கு விடுத்த ஓலையாக மரபு இதனைப் போற்றுகிறது. விடுப்பவர் இன்னார், பெறுபவர் இன்னார், கொண்டு வருபவரின் தகுதி இது, வேண்டுவது இது என்னும் நான்கு செய்திகளையும் இப்பாசுரம் சுருங்கக் கூறி முடிகிறது. பக்திப் பனுவலாயினும், வடிவால் இது முழுமையான பரிந்துரைக் கடிதம் எனலாம். இங்குத் தகுதியுடையவன் பேசவில்லை. அவனுக்காகப் பிறர் பேசுகின்றனர்.

நன்னூல் வகுக்கும் நெறி

கி.பி. 13ஆம் நூற்றாண்டைச் சார்ந்த நன்னூலின் பாயிரப் பகுதி இச்சிக்கலை நேராகவே எதிர்கொள்கிறது. ஒருவன் எத்துணைச் சிறந்த நூல் செய்யினும் தன்னைத் தானே புகழ்தல் தகுதியன்று. ஆசிரியன், உடன் கற்றோன், மாணாக்கன், தக்க உரைகாரன் ஆகியோரே அவன் நூலுக்குப் பாயிரம் உரைத்தற்குரியர். இன்றைய விண்ணப்பங்களில் பரிந்துரைப்போராகக் குறிக்கப்படுவோரும் பெரும்பாலும் ஆசிரியரும் உடன் பணியாற்றியோருமே ஆவர்.

எனினும் பவணந்தியார் நான்கு இடங்களில் விலக்களிக்கிறார். அரசவைக்கு விடுக்கும் ஓலைத்தூக்கு, தன் ஆற்றலை உணராதார் நடுவே பேச நேரும் இடம், அவையில் வெற்றி பெற வேண்டிய பொழுது, எதிரி தன்னைப் பழித்த காலம் ஆகியன அவை. ஓலைத்தூக்கு என்பது புலவர்கள் புரவலர்க்கு எழுதிய சீட்டுக்கவியாகும். எனவே தன் தகுதியைத் தானே கூறி வேண்டுதல், தமிழ் இலக்கணம் இடமறிந்து ஏற்றுக்கொண்ட செயலே ஆகும்.

புதிய காலத்தில் பழைய வடிவம்

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றிய பின் பட்டமே தகுதிக்குச் சான்றாகும் நிலை வளர்ந்தது. ஆயினும் பழைய முறை உடனே மறையவில்லை. பட்டம் பெறாத உ.வே. சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியரானது, அப்பதவியிலிருந்த தியாகராச செட்டியாரின் பரிந்துரையால் ஆகும். இருவரும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர்கள். ஒரே ஆசிரியரிடம் பயின்ற மூத்தவர் இளையவர்க்குச் சான்றாக நின்றார்.

பாரதியாரோ தாமே எழுதினார். தம் 14ஆம் வயதில், 1897இல், கல்விக்கு உதவி வேண்டி எட்டயபுரம் மன்னருக்குச் செய்யுள் வடிவில் விண்ணப்பித்தார். 1919இல் அவ்வூர் மன்னருக்கு மீண்டும் விடுத்த ஓலைத்தூக்கில், தமிழ்நாட்டிற்குப் பெருங்கவிஞர் இல்லை என்னும் வசை தம்மால் நீங்கியது என்று வெளிப்படையாகவே உரைத்தார். நன்னூல் வழங்கிய உரிமையை முழுமையாகப் பயன்கொண்ட விண்ணப்பம் இது எனலாம்.

முடிவுரை

பரிந்துரை முறைக்கு ஒரு குறை உண்டு. பரிந்து பேசப் பெரியோர் வாய்க்காதவர்க்கு அதில் வழியில்லை. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி சென்று பட்டம் பெறும் மாணவரின் நிலை பெரும்பாலும் இதுவே. அவர் அனுப்பும் மின்னஞ்சலைப் படிப்பவர் அவரை முன்பின் அறியாதவர். நன்னூலார் கூறும் ‘ஆற்றல் உணரார்’ அவரே. அவரிடம் தன் தகுதியை மறைத்தல் அடக்கமாகாது. அதே வேளையில், விலக்கு நான்கிடங்களுக்கு மட்டுமே உரியது, பொதுவிதி மாறவில்லை. இடத்திற்கு வேண்டிய அளவே கூறுதலும், கூறியதை அவையில் மெய்ப்பிக்க வல்லவராதலும் விண்ணப்பிப்போர் கடனாகும். விண்ணப்பக் கடிதத்தைப் பயிற்றும் தமிழாசிரியர்கள் நன்னூலின் இப்பகுதியையும் உடன் வைத்துப் பயிற்றின், மாணவர்தம் கூச்சம் நீங்க வழி பிறக்கும்.