பெயர் மட்டும் எஞ்சிய கும்பல்: சிங்கப்பூரின் இரகசியச் சங்க மரபும் தமிழ் இளையரும்

சிங்கப்பூரில் தமிழ் இளையர் யாரேனும் கத்திக்குத்து வழக்கில் சிக்கினால் சமூகக் கூட்டங்களில் மூன்று காரணங்கள் தவறாமல் சொல்லப்படும்: குடி, சினிமா, சிதைந்த குடும்பம். மூன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் மூன்றுமே நோயின் வேரை அந்தச் சமூகத்தின் வீட்டுக்குள் மட்டும் தேடுகின்றன. அந்த இளையன் சேர்ந்திருக்கும் கும்பலின் அடையாள எண்ணையோ சடங்கையோ தமிழர் உருவாக்கவில்லை. அவை சீன இரகசியச் சங்கங்களிடமிருந்து வந்தவை. அச்சங்கங்களின் பொருளாதார அடித்தளத்தை அரசு இடித்தது. பெயர் மட்டும் தப்பிப் பிழைத்தது. இன்றைய இளையர் வன்முறையில் பெரும்பகுதி அந்தப் பெயரைக் காக்க நடக்கும் வன்முறை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தமிழ் வம்சாவளியினருக்கும் இச்சங்கங்களுக்கும் உள்ள உறவு நேற்றுத் தொடங்கியதன்று. 1867 ஆகஸ்டில் பினாங்கில் நடந்த பெருங்கலவரத்தில் கீ ஹின், தோ பே கோங் என்னும் இரு சீனச் சங்கங்கள் மோதியதை எல்லாரும் அறிவர். வெள்ளைக்கொடி, செங்கொடி என்ற இரு முஸ்லிம் சங்கங்கள் முறையே அவற்றுக்குத் துணைநின்றதைப் பலர் மறந்துவிடுகின்றனர். மலாய்க்காரரோடு, தென்னிந்திய முஸ்லிம்களுக்கு மலாய்ப் பெண்கள் வழிப் பிறந்த ஜாவி பெக்கான் வகுப்பினரும் அவற்றில் இருந்தனர். விசாரணை ஆணையத்தின் அறிக்கையைத் தொடர்ந்து 1869இல் ஆபத்தான சங்கங்களை அடக்கும் சட்டம் சிங்கப்பூரையும் உள்ளடக்கிய நீரிணைக் குடியேற்றங்கள் முழுமைக்கும் வந்தது. அதாவது சிங்கப்பூரின் முதல் கும்பல் தடுப்புச் சட்டத்துக்கு வழிவகுத்த கலவரத்திலேயே இனக்கலப்புக் கூட்டணி இருந்தது. ‘இது சீனர் சிக்கல், அது இந்தியர் சிக்கல்’ என்று பிரித்துப் பேசும் பழக்கம் பிற்காலத்தது. 1877இல் வில்லியம் பிக்கரிங்கின் தலைமையில் தொடங்கப்பட்ட சீனர் பாதுகாப்பு அலுவலகமே, எண்ணம் எதுவாயினும், அந்தப் பிரிவினைக்கு அலுவலக வடிவம் கொடுத்தது.

1890இல் சங்கங்கள் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது பெருஞ்சங்கங்கள் கலைந்தன. அதுவரை அவை வன்முறைக் கூட்டமாக மட்டும் இருந்ததில்லை. கப்பலிலிருந்து இறங்கியவனுக்கு வேலை, நோயில் துணை, செத்தால் அடக்கம், கடன் தகராறில் பஞ்சாயத்து என எல்லாவற்றையும் அவை பார்த்தன; கூடவே அபினும் சூதும் பாதுகாப்புப் பணமும். தடைக்குப் பின் நற்பணிகள் குலச்சங்கங்களுக்குப் போயின. மிச்சம் தெருவுக்கு வந்து 18, 24, 36, 108 என எண்களால் அறியப்படும் சிறு குழுக்களாக உடைந்தது. மாக் லாவ் ஃபோங் 1981இல் வெளியிட்ட சமூகவியல் ஆய்வு இந்தக் குழுக்களின் அமைப்பை விரிவாகக் காட்டுகிறது. துறைமுகம், செம்பவாங் கடற்படைத் தளம், சிராங்கூன் சாலைப் பின்தெருக்கள் ஆகிய இடங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் பிள்ளைகளுக்கு இந்த எண்கள் அக்கம்பக்கத்தின் வழியே அறிமுகமாயின. மொழியும் குலமும் கேட்காமல் அடிதடிக்கு ஆள் சேர்த்த குழுக்களில் அவர்களுக்கு இடம் கிடைத்தது. வருமானத்தின் கைப்பிடி வேறு கைகளிலேயே இருந்தது.

அரசின் தாக்குதல் இரு முனைகளில் வந்தது. குற்றவியல் சட்டம் (தற்காலிக ஏற்பாடுகள்) 1955இல் இயற்றப்பட்டது. விசாரணையின்றித் தடுத்துவைக்கும் அதிகாரம் 1958இல் அதில் சேர்க்கப்பட்டது. சாட்சிகள் அஞ்சி வாய் திறக்காத காலத்தில் அந்த அதிகாரம் வேலை செய்தது என்பதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் அதன் எல்லையும் விரைவில் தெரிந்தது. பின்னாளில் குடியரசுத் தலைவரான தேவன் நாயரின் தலைமையிலான சிறை விசாரணைக் குழு தடுப்புக் கைதிகளை உழைப்பின்வழித் திருத்தலாம் என்று நம்பியது. 1960இல் புலாவ் செனாங் தீவில் திறந்தவெளிக் குடியேற்றம் தொடங்கியது. காவலர் கையில் துப்பாக்கி இல்லை. கைதிகள் சாலையும் தொழுவமும் பட்டறையும் கட்டினர். 1963 ஜூலை 12 அன்று அவர்களே அதைக் கொளுத்தி, கண்காணிப்பாளர் டேனியல் டட்டனைக் கொன்றனர். 1965 அக்டோபரில் 18 பேர் தூக்கிலிடப்பட்டனர். திட்டம் தோற்றதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எனக்குப் படுவது இது: நீதிமன்றத்தில் குற்றம் நிரூபிக்கப்படாமல் வந்தவனுக்கு விடுதலை எப்போது என்பதும் தெரியாது, அவனிடம் உழைப்பு ஒழுக்கத்தை எதிர்பார்ப்பது கடினம்.

சத்தமில்லாத இரண்டாவது முனையே கும்பலை உண்மையில் முறித்தது. 1960இல் உருவான வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கம்பங்கள் எனப்படும் சிற்றூர்களையும் நெருக்கடியான கடைவீட்டு அறைகளையும் காலிசெய்து மக்களை அடுக்குமாடிகளுக்கு மாற்றியது. ஒரு சந்தை, ஒரு சந்து, ஒரு வண்டிப்பேட்டை என்று எல்லை வைத்துப் பணம் பறித்த குழுவுக்கு எல்லையே இல்லாமல் போயிற்று. 1989 முதல் வட்டாரந்தோறும் இனவிகிதம் வகுக்கப்பட்டதால் பழைய சேரிவட்டம் மீண்டும் உருவாகவும் வழியில்லை.

எல்லை போனபின் எஞ்சியது எண். 369 என்ற கும்பலின் பெயரே இதற்குச் சான்று. மூன்று இலக்கங்களைக் கூட்டினால் 18 வரும். தாய்க்குழுவின் நினைவை அந்தக் கணக்கு சுமக்கிறது. காக்க வேண்டிய சூதாட்ட விடுதியோ வசூல் தெருவோ இல்லாத பதினாறு வயதுப் பையனுக்கு எண்ணின் மதிப்பைக் காட்ட ஒரே வழி மோதல்தான். 2010 அக்டோபர் இறுதியில் பாசிர் ரிஸ் டௌன்டவுன் ஈஸ்ட் வளாகத்தில் முறைத்துப் பார்த்ததாகத் தொடங்கிய தகராறில் 19 வயது பலதுறைக் கல்லூரி மாணவர் வெட்டிக் கொல்லப்பட்டார். பணமோ பொருளோ பகையின் காரணமாக இல்லை. தாக்கியவர்கள் சீன இளையர் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பார்வையால் நேரும் அவமதிப்பு எந்த ஓர் இனத்தின் பண்பாட்டுக் குறையும் அன்று.

அப்படியானால் சிறுபான்மை இளையர் பற்றித் தனியே பேச என்ன இருக்கிறது? நாராயணன் கணபதியும் லியான் குவென் ஃபீயும் 2002இல் எழுதிய கட்டுரை சிறுபான்மைத் தெருமுனைக் குழுக்கள் எப்படிக் காவல்துறையின் கண்ணில் படுகின்றன என்று ஆராய்ந்தது. சிறைக்குள் உருவான ஒமேகா என்ற மலாய்க் கும்பலைப் பற்றிய பிந்தைய ஆய்வுகளும் உண்டு. இவற்றோடு மேலே கண்ட வரலாற்றைச் சேர்த்துப் படித்தால் ஒன்று புலப்படும்: சட்டவிரோதப் பொருளாதாரத்தின் மேல்தளத்தில் இடமில்லாதவனுக்குத் தெருவில் தெரியும் முரட்டுத்தனம்தான் மூலதனம். தெருவில் தெரிவதால் அவனே முதலில் பிடிபடுகிறான். கணக்குப் பார்ப்பவன் அறைக்குள் இருக்கிறான்.

தைப்பூசம் இந்தப் பெயர்ப்போட்டியின் பழைய மேடை. ஊர்வலத்தில் குழுக்கள் மோதியதைக் காரணங்காட்டி 1973இல் இசைக்கருவிகள் தடைசெய்யப்பட்டன. சில குழுக்களின் சண்டைக்காகக் காவடி தூக்கியவர் அனைவரும் நாற்பதாண்டுக்கும் மேலாக உருமியின்றி நடந்தனர். 2016இல்தான் குறிப்பிட்ட இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி வந்தது.

சினிமாவைக் குறைசொல்வோர் மலேசியத் தமிழ்க் கும்பல்களைக் காட்டும் ‘கபாலி’யைச் சுட்டுவர். 2016இல் அப்படம் வருவதற்கு மூன்றாண்டு முன்பே மலேசிய உள்துறை அமைச்சு 49 கும்பல்களைப் பட்டியலிட்டது. உறுப்பினர் சுமார் 40,000 பேரில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் இந்தியர் என்றது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு நகர விளிம்புக்குத் தள்ளப்பட்ட குடும்பங்களின் கதை அது. சிங்கப்பூரோடு எண்களும் சொற்களும் பகிரப்படலாம்; அடித்தளம் வேறு. அங்கே நிலம் போனவர்களுக்கு வீடும் கிடைக்கவில்லை. இங்கே வீடு கிடைத்தது.

2013 டிசம்பர் 8 இரவில் லிட்டில் இந்தியாவில் ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ஷியர் சாலையும் சந்திக்கும் இடத்தில் தமிழகத்து ஊழியர் ஒருவர் பேருந்தில் சிக்கி இறந்ததும் வெடித்த கலவரம் என் வாதத்துக்கு எதிர்த்திசையிலிருந்து கிடைக்கும் சான்று. நாற்பதாண்டுகளில் முதல் கலவரம். சுமார் 300 பேர். கும்பல் எதுவும் இல்லை. முன்னாள் நீதிபதி பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு வேலை, தங்குமிடக் குறைகள் காரணமல்ல என்று முடிவுசெய்து, மதுவை ஒரு காரணியாகக் கூறியது. 2015 ஏப்ரல் முதல் இரவு 10.30க்குப் பின் பொது இடத்தில் குடிப்பது நாடெங்கும் தடையாயிற்று; லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் கூடுதல் கட்டுப்பாட்டு வட்டாரங்களாயின. அமைப்பைத் தேடிக் கிடைக்காதபோது இடமும் பழக்கமும் குற்றவாளிகளாயின. தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்க வரும் உள்ளூர்த் தமிழருக்கும் வெளிநாட்டு ஊழியருக்கும் இடையே ஒரு கோடு விழுந்ததைப் பற்றி அறிக்கைகள் பேசா.

கும்பலில் சேரும் இளையருக்கென 1997இல் தொடங்கிய ‘ஸ்ட்ரீட்வைஸ்’ திட்டம் குடும்பச் சேவை நிலையங்கள் வழியே பையனோடும் பெற்றோரோடும் சேர்த்துப் பேசியது. நான் பார்க்கும் சிக்கலுக்கு அதுவே நெருக்கமான விடை, ஏனெனில் அது அமைப்பைத் தேடவில்லை. அதற்கு நேர்மாறானது, விசாரணையின்றித் தடுத்துவைக்கும் அந்த 1955ஆம் ஆண்டுச் சட்டம். ஆட்ட முடிவுகளை முன்கூட்டியே நிர்ணயித்ததாகத் தடுத்துவைக்கப்பட்ட ஒருவரை 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுவித்தபின், 2018 திருத்தம் எந்தெந்தச் செயல்களுக்கு அதைப் பயன்படுத்தலாம் என்று அட்டவணையிட்டது. இரகசியச் சங்கச் செயல் அதில் முன்னிற்கிறது. சட்டம் 2024இல் மேலும் ஐந்தாண்டுக்கு நீட்டிக்கப்பட்டது. மறுபடியும் 2029இல் அது நாடாளுமன்றத்துக்கு வரும்போது தடுத்துவைக்கப்பட்டோர் எத்தனை பேர் என்று மட்டும் கேட்டால் போதாது. அவர்களில் வசூல் பார்த்தவர் எத்தனை பேர், எண்ணை மட்டும் சுமந்தவர் எத்தனை பேர் என்று தனித்தனியே கேட்க வேண்டும்.