ஈறு நோய்
பல்லின்மேல் படியும் நுண்ணுயிர்ப் படலம் நாள்தோறும் துலக்கி அகற்றப்படாதபோது, ஈறு சிவந்து வீங்குவதும், அப்படலம் உமிழ்நீரிலுள்ள கால்சிய உப்புகளால் இறுகிக் காரையாவதும் ஈறு நோயின் தொடக்கமாகும். துலக்கும்போது இரத்தம் கசியும் இந்நிலையில் நோயை முழுமையாகக் குணப்படுத்தலாம். கவனியாது விட்டால் பல்லைத் தாங்கும் எலும்பு கரையும், கரைந்தது தானாக வளராது. நீரிழிவுடன் ஈறு நோய்க்குள்ள உறவு இருவழிப்பட்டது: மிகுந்த இரத்தச் சர்க்கரை ஈற்றின் எதிர்ப்பாற்றலைக் குறைக்க, ஈற்றழற்சியில் உருவாகும் வேதிப்பொருள்கள் இன்சுலினின் செயலை மந்தப்படுத்துகின்றன. ஈறு சிகிச்சை பெற்ற நீரிழிவு நோயாளரிடம், ஏறத்தாழ மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு சுமார் 0.4 சதவீதப் புள்ளி குறைவதை ஆய்வுகள் உணர்த்துகின்றன. இதய நோயுடனும் தொடர்பு காணப்பட்டிருப்பினும், ஒன்று மற்றதற்குக் காரணம் என்பது நிறுவப்படவில்லை. காரையை அகற்றினால் பல் ஆடும் என்னும் அச்சம் தவறானது. எலும்பு கரைந்ததால் முன்னரே தளர்ந்திருந்த பல், பற்றியிருந்த காரை நீங்கியதும் அசைவது தெரிகிறது, அவ்வளவே.