போர் விமானம் விட்டுச் சென்ற வெள்ளைக் கோடு



ஜெட் விமானம் உயரத்தில் போனதும் பின்னால் வெள்ளையாக ஒரு கோடு நீளுமே, "ராக்கெட் போகுது" என்று சின்ன வயதில் அண்ணாந்து பார்ப்போமே, அதன் வரலாறுதான் இன்றைய பாடம்.

அது வெறும் புகை அல்ல. எஞ்சினிலிருந்து நீராவியும் கரித்துகளும் வருகின்றன. வெளியே மைனஸ் 40 டிகிரி அளவுக்குக் குளிர். நீராவி துகள்களின்மேல் படிந்து பனிப்பொடியாக உறைகிறது. காற்று வறண்டிருந்தால் கோடு சீக்கிரமே மறையும். ஈரமாக இருந்தால் மணிக்கணக்கில் நின்று, பரந்து, மேகமாகவே மாறிவிடும்.

இரண்டாம் உலகப் போரில் இந்தக் கோடு உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. குண்டுவீச்சு விமானங்கள் எங்கே இருக்கின்றன என்பதை எதிரிக்குக் காட்டிக் கொடுத்தது. எந்த உயரத்தில் கோடு விழும் என்பதை ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ஷ்மித் 1941-இல் கணக்கிட்டார். அமெரிக்காவில் ஆப்பிள்மேன் 1953-இல் அதை விமானப்படைக்கு ஏற்ற வரைபடமாக்கினார்.

பிரிட்டனில் ஆலன் ப்ரூவருக்கும் இதே வேலைதான். ஆக்ஸ்போர்டின் டாப்சனோடு சேர்ந்து, மேல்வானத்தின் ஈரத்தை அளக்கும் கருவி ஒன்றை உருவாக்கினார். விமானத்தில் ஏற்றி அளந்தபோது, அடுக்குமண்டலம் எதிர்பாராத அளவுக்கு வறண்டிருந்தது. வெப்பமண்டலத்தில் மேலேறும் காற்று துருவங்களை நோக்கி நகர்கிறது என்று அதிலிருந்து 1949-இல் முடிவுக்கு வந்தார். இன்று அதற்கு 'ப்ரூவர்–டாப்சன் சுழற்சி' என்று பெயர். போருக்காகத் தொடங்கிய வேலை பூமியின் காற்றோட்டத்தையே காட்டித் தந்தது!

இப்போது அதே கணக்கு வேறொரு காரணத்துக்காகத் திரும்பி வந்திருக்கிறது. இந்தச் செயற்கை மேகங்கள் பூமியிலிருந்து வெளியேறும் வெப்பத்தைத் தடுக்கின்றன. பகலில் வெயிலையும் கொஞ்சம் திருப்பி அனுப்பும். இரவில் அதுவும் கிடையாது, சூடு மட்டும்தான். 2021-இல் டேவிட் லீ குழுவினர் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, மனிதர்களால் வந்த வெப்பமூட்டலில் விமானங்களின் பங்கு சுமார் 3.5 சதவீதம். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கார்பன் டை ஆக்சைடு அல்லாதவற்றால் வருகிறது. அவற்றில் பெரியது இந்தக் கோடுகள்தான்.

நல்ல செய்தியும் உண்டு. ஜப்பான் வான்வெளியை வைத்து லண்டன் இம்பீரியல் கல்லூரியினர் 2020-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கோடுகளால் வரும் வெப்பத்தில் 80 சதவீதத்துக்குக் காரணம், 100-இல் சுமார் 2 விமானங்களே! ஈரக்காற்று பெரும்பாலும் மெல்லிய அடுக்காகத்தான் இருக்கும். அந்தச் சிலவற்றை இரண்டாயிரம் அடி ஏற்றியோ இறக்கியோ ஓட்டினால் தப்பிக்கலாம். 2023-இல் கூகுளும் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் 70 விமானப் பயணங்களில் சோதித்ததில் கோடுகள் 54 சதவீதம் குறைந்தன. அந்தப் பயணங்களுக்கு 2 சதவீத எரிபொருள் கூடுதலாகச் செலவானது.

அங்கேதான் சிக்கல். கோடு சில மணி நேரத்தில் கலைந்துவிடும். கூடுதலாக எரித்த எண்ணெயின் கார்பன் நூற்றாண்டுகள் நிற்கும். முன்கணிப்பு தவறினால், இல்லாத கோட்டைத் தவிர்க்க எண்ணெயை எரித்தவர்கள் ஆவோம். மேல்வானத்து ஈரத்தைச் சரியாக அளக்க வேண்டும் என்ற ப்ரூவரின் பிரச்சினை, 80 ஆண்டுகளுக்குப் பிறகும் முழுதாகத் தீரவில்லை. விமானத் துறையிலோ வானிலைத் துறையிலோ இருக்கும் என் மாணவர்களே, உங்கள் தலைமுறைக்கான வீட்டுப்பாடம் இது.

உங்கள் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள்.