25 வீதம் காயம்

உடைஞ்ச கையை எக்ஸ்ரே காட்டும். இரவிரவாகக் கத்தி எழும்புற ஒருத்தரின்ர நித்திரையை எது காட்டும்? மனக்காயத்துக்கு நட்டஈடு எண்டு கதைக்கத் தொடங்கினால் இந்தக் கேள்வி வந்து நிற்கும். மேற்கு ஜேர்மனியில் அது சட்டக் கேள்வியாகவே வந்தது.

நாசிகளால் துன்புறுத்தப்பட்டவர்களுக்கான 1956ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டப்படி, உடல்நலம் கெட்டவர்கள் ஓய்வூதியம் கேட்கலாம். ஆனால் உழைக்கும் திறன் 25 வீதமாவது குறைந்திருக்க வேண்டும். துன்புறுத்தல்தான் காரணம் எண்டு மருத்துவ அறிக்கையும் வேண்டும். நிவாரணப் படிவத்தோட வரிசையில நிண்ட குடும்பங்களில இருந்து வந்த எங்களுக்கு இந்தக் கணக்கு அவ்வளவு அந்நியமாப் படேல்ல.

படிவத்தைவிடப் பெரிய தடை மருத்துவர்களின்ர தலைக்குள்ள இருந்தது. பெர்லின் நரம்பியல் மருத்துவர் ஹெர்மன் ஒப்பன்ஹைம் 1889இலேயே அதிர்ச்சியால் வரும் நரம்பு நோய் பற்றி எழுதியிருந்தார். 1916இல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, மியூனிக் மாநாட்டில் சக மருத்துவர்கள் அவரை ஓரங்கட்டினார்கள். ஆரோக்கியமான மனம் எதையும் தாங்கும், ஆபத்து விலகினால் அறிகுறியும் விலகும், விலகாட்டில் அது பிறவிக் குணம் அல்லது பென்ஷன் ஆசை: இதுதான் வென்ற கோட்பாடு. 1926இல் அரச காப்புறுதி அலுவலகம் அதையே தீர்ப்பாக்கியது. போர்வீரர்களுக்குப் பென்ஷன் மறுக்க உதவிய அதே வாதம், 30 வருசம் கழிச்சு அவுஷ்விட்ஸில் குடும்பத்தையே இழந்தவர்களின்ர கோப்புகளிலும் வந்து குந்தியது. வதைமுகாம் உங்களை நோயாளியாக்கேல்ல, நீங்கள் பிறந்ததே அப்பிடித்தான் எண்டு ஒரு அரசு எழுதிக் குடுக்கிறதை நினைச்சுப் பாருங்கோ.

இதை எதிர்த்தவர்களில் ஒருவர் வில்லியம் நீடர்லாண்ட். 1904இல் கிழக்குப் பிரஷ்யாவில் பிறந்த யூதர். நாசிகளிடமிருந்து தப்பி, நியூயோர்க்கில் உளப்பகுப்பாய்வாளராக வேலை செய்தவர். இழப்பீடு கேட்டவர்கள் நூற்றுக்கணக்கானோருடன் இருந்து கேட்டு அறிக்கை எழுதினார். கெட்ட கனவு, தீராத பயம், 'நான் மட்டும் ஏன் மிஞ்சினேன்' எண்ட குற்றவுணர்வு ஆளுக்கு ஆள் திரும்பத் திரும்ப வந்தன. விடுதலையாகிக் கனகாலம் கழிச்சுத்தான் சிலருக்கு அறிகுறிகளே தெரிஞ்சன. அதற்கு அவர் 'தப்பிப்பிழைத்தோர் நோய்த்தொகுதி' எண்டு பெயர் வைத்தார். வியன்னாக்காரரான கூர்ட் ஐஸ்லர் 1963இல் ஒரு ஜேர்மன் சஞ்சிகையில் இன்னும் காரமாக எழுதினார். பிள்ளைகளைப் பறிகொடுத்தவரும் அறிகுறியில்லாமல் இருக்கவேண்டும் எண்டு எதிர்பார்க்கிற மருத்துவத்தைத்தான் அவர் கேள்வி கேட்டார்.

எங்களுக்கு இதில ஒரு சங்கடம் இருக்கு. சிகிச்சையில் ஆள் தன்ர நேரத்தில, தன்ர வேகத்தில கதைக்கலாம். அறிக்கைக்கோ திகதி, இடம், வீதம் எல்லாம் இப்பவே வேணும். பேசாமல் இருக்கிறவரைப் படிவம் சுகதேகி எண்டு பதிஞ்சிடும். நீதி கிடைக்க வேணுமெண்டால் காயத்தைத் திரும்பக் கிளறித்தான் ஆகவேணும்; அந்த வேலையும் சிகிச்சையாளரின்ர கையிலதான் விழுகுது.

1965இல் சட்டம் திருத்தப்பட்டது. வதைமுகாமில் ஒரு வருசமாவது இருந்தவருக்கு 25 வீதப் பாதிப்பு இருந்தால், துன்புறுத்தலே காரணம் எண்டு எடுத்துக்கொள்ளப்பட்டது. 25 வீதம் மாறேல்ல. காரணத்தை நிரூபிக்கிற சுமை மட்டும் அவரின்ர தோளில இருந்து இறங்கினது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் பீ.ரீ.எஸ்.டி. இடம்பிடிக்க 1980 ஆகிவிட்டது. அதே வருசம் நீடர்லாண்ட் ஜேர்மன் மொழியில் தன் நூலை வெளியிட்டார். அதன் தலைப்பில் 'ஆன்மக் கொலை' எண்ட சொல்லும் இருந்தது.