விடுப்புக் கடித ஆங்கிலம்

தமிழ்நாட்டு மாணவர் பலர் ஆங்கிலத்தில் முதன்முதலாக எழுதும் முறைசார் கடிதம் விடுப்புக் கடிதமே. தென்காசி மாவட்டத்தின் வாசுதேவநல்லூர் போன்ற, வீட்டிலும் தெருவிலும் தமிழே புழங்கும் ஊர்களில், பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கணம் பெரும்பாலும் இத்தகைய எழுத்தின் வழியே பழக்கமாகிறது. ‘அஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்று காரணம் முன்னே வரும்; ‘கைண்ட்லி கிராண்ட் மி லீவ்’ என்ற வேண்டுகோள் பின்னே வரும். ‘காய்ச்சலாக இருப்பதால் விடுப்பு அளிக்குமாறு’ என்னும் தமிழ் வரிசையும் இதுவே. அதனால்தான் இந்தக் கடித அமைப்பு சட்டென்று மனதில் பதிகிறது.

பேச்சை ஒட்டிய எழுத்தில் தமிழின் சாயல் இன்னும் தெளிவு. ‘இன்று காலை’ என்பது ‘டுடே மார்னிங்’ ஆகிறது. பொது வழக்கு ‘திஸ் மார்னிங்’. ‘அங்கேதான் இருக்கிறார்’ என்பதிலுள்ள ‘தான்’, ‘ஹி இஸ் தேர் ஒன்லி’ என வாக்கியக் கடைசிக்குப் போகிறது. ‘ஐ ஆம் ஹேவிங் எ டவுட்’ என்பதோ இந்தியா முழுதும் கேட்பது; தேர்வுத்தாளில் ‘ஐ ஹேவ்’ என்றே எழுத வேண்டும். இவற்றை வெறும் பிழையென்று சிவப்பு மையால் அடிப்பது போதாது; தமிழ் வாக்கியத்தைப் பக்கத்தில் எழுதிக் காட்டினால் மாணவருக்கு வேறுபாடு உடனே விளங்கும்.