செய்தி மொழிபெயர்ப்பில் ஆங்கில இடைவழி: தெலுங்கு–தமிழ் எல்லையை முன்வைத்து

1. முன்னுரை

வளரும் நாடுகளின் இதழியலில் செயற்கை நுண்ணறிவு பெறும் இடம் பெரும்பாலும் விரைவு, செலவு ஆகியவற்றைக் கொண்டே மதிப்பிடப்படுகிறது. ஒரு செய்தி எம்மொழியின் வழியாகத் தமிழை அடைகிறது என்னும் வினா அதனினும் அடிப்படையானது. இதற்கு நாகலாபுரம் தக்க சான்றாகும். கிருஷ்ணதேவராயரின் தாய் நாகலாதேவியின் பெயரால் அமைந்த இவ்வூர், ஊத்துக்கோட்டைக்கு வடமேற்கே, இன்றைய திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. 1960இல் மாநில எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்தில் சேர்ந்தது; சித்தூர் ஆந்திரத்திலேயே நின்றது. எல்லையின் இருபுறமும் இருமொழி வழக்கு தொடர்ந்தது. ஆயினும், செய்தி நேர்வழியே எல்லையைக் கடக்கவில்லை.

2. தந்திக் காலம்

ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882இல் தொடங்கிய சுதேசமித்திரன் 1899இல் நாளிதழாயிற்று. தமிழ் நாளிதழ் அக்காலம் முதலே மொழிபெயர்ப்புக் கூடமாகவும் விளங்கிற்று. பிரஸ் டிரஸ்ட் ஆஃப் இந்தியா 1949இலும் யு.என்.ஐ. 1961இலும் செயற்படத் தொடங்கின. யு.என்.ஐ. 1982இலும் பி.டி.ஐ. 1986இலும் இந்திச் சேவையை ஏற்படுத்தின. தமிழ் இதழ்களுக்கு இவற்றின் செய்திகள் ஆங்கிலத்திலேயே வந்தன. எனவே தெலுங்கு பேசுவோர் கூறியதும் ஆங்கிலமாகிப் பின்னரே தமிழாயிற்று. ஐயம் எழுந்தால் உதவியாசிரியர் நிருபரிடம் கேட்டறிய முடிந்தது என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது.

3. எந்திர மொழிபெயர்ப்பு

1980களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உருசிய–தமிழ் எந்திர மொழிபெயர்ப்பு முயற்சி நடைபெற்றது. பின்னர் இந்திய மொழிகளுக்கிடையே உருவான 'சம்பர்க்' அமைப்பு, தெலுங்கு–தமிழ் இணையை இலக்கண விதிகளின் துணையோடு நேரடியாகக் கையாண்டது. தரவுவழி முறை வந்தபின் நிலை மாறிற்று. சென்னை ஐ.ஐ.டி.யைச் சார்ந்த ஏஐ4பாரத் குழுவினர் 2021இல் வெளியிட்ட 'சமானந்தர்' தொகுப்பில் ஆங்கிலத்திற்கும் 11 இந்திய மொழிகளுக்கும் இடையே 4.97 கோடி வாக்கிய இணைகள் உள்ளன. இந்திய மொழிகளுக்கிடையிலான 8.34 கோடி இணைகள் ஆங்கிலத்தை இடைமொழியாகக் கொண்டு அவற்றிலிருந்து பெறப்பட்டவை. தந்திக் காலத்து இடைவழி இவ்வாறு தரவுக்குள்ளும் புகுந்துவிட்டது. 2022இல் 'பாஷிணி' திட்டம் தொடங்கப்பட்டது. 2024 மே மாதத்தில் தூர்தர்ஷன் கிசான் இரு செயற்கை நுண்ணறிவுச் செய்தி வாசிப்பாளர்களை அறிமுகப்படுத்தியது. இவ்வளர்ச்சியால் இவ்வினா மேலும் முதன்மை பெறுகிறது.

4. இழப்பின் இயல்பு

தெலுங்கின் 'மனமு', 'மேமு' என்னும் இரண்டும் முறையே தமிழின் 'நாம்', 'நாங்கள்' என்பவற்றோடு ஒத்தவை. கேட்போரை உட்படுத்தும், உட்படுத்தாத இவ்வேறுபாட்டை ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. நிலம் தர மறுக்கும் உழவர் 'மேமு' என்றால், எதிரே நிற்கும் அதிகாரி அதில் அடங்கார். ஆங்கிலம் கடந்து 'நாம்' என வந்தால், மறுப்பு பொது அறிவுரையாகத் திரிந்துவிடும். 'மேனமாம', 'பெதநான்ன', 'பாபாயி' ஆகியவற்றுக்குத் தாய்மாமன், பெரியப்பா, சித்தப்பா எனத் தமிழில் நேர்ச்சொற்கள் உண்டு. ஆங்கிலத்திலோ மூன்றும் ஒன்றே. குற்றச் செய்தியில் இக்குழப்பம் தொடர்பற்ற ஒருவர்மீது பழி சுமத்தக்கூடும். ஊர்ப்பெயரும் இவ்வாறே சிதைகிறது. தெலுங்கு எழுத்து காட்டும் குறில்–நெடில், லகர–ளகர வேறுபாடுகளை வழக்கமான உரோமன் எழுத்து காட்டுவதில்லை. ஆதலின் நாகலாபுரம் 'நகலபுரம்' என்றோ 'நாகளாபுரம்' என்றோ திரும்பி வர இடமுண்டு.

5. முடிவுரை

இவ்விழப்புகள் தெலுங்கு, தமிழ் ஆகிய இரு மொழிகளின் குறையால் நேர்வன அல்ல. அவை இடைவழியின் விளைவுகள். எந்திரம் தரும் தமிழ் சரளமாக இருப்பதால் பிழை கண்ணுக்குப் புலப்படாது என்பதே முன்னைய காலத்திற்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாடு. எல்லைப்புற இருமொழியாளரைக் கொண்டு நேரடித் தெலுங்கு–தமிழ்த் தரவு திரட்டுதலும், மேற்கோளையும் உறவுமுறையையும் ஊர்ப்பெயரையும் மூலமொழியோடு ஒப்பிட்டபின் அச்சேற்றுதலும் உடனடித் தேவைகளாகும். பேசியவரின் சொல் சிதையாது சென்றடைதலே செய்தியின் அறம்.