சரக்கு ரயிலின் பாடல்கள்: வறுமையைக் குற்றமாக்கிய சட்டமும் ஹோபோக்களின் பதிலும்

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்த பின்னர் ரயில் பாதைகள் நாடெங்கும் விரிந்தன. பாதை அமைக்கவும், கோதுமை அறுக்கவும், மரம் வெட்டவும் பருவந்தோறும் ஆட்கள் தேவைப்பட்டனர். பருவம் முடிந்ததும் விரட்டப்பட்டனர். பயணச்சீட்டுக்குப் பணமின்றிச் சரக்கு ரயில்களில் ஒளிந்து ஏறி, வேலை தேடி ஊர் ஊராக அலைந்த இத்தொழிலாளர்களே 'ஹோபோ' எனப்பட்டனர். இவர்களுடைய பாடல்களை நாட்டுப்புறக் கலையாக மட்டுமன்றி, தம்மைக் குற்றவாளிகளாக்கிய சட்டத்திற்கு எதிரான வாக்குமூலங்களாகவும் நாம் வாசிக்க வேண்டும்.

வேலையும் வீடும் இல்லாதிருப்பதே அன்று குற்றம். அலைந்து திரிவோரைத் தண்டிக்கும் சட்டங்கள், ஒருவர் செய்த செயலுக்காக அன்றி, அவருடைய நிலைக்காகவே அவரைச் சிறையிட இடமளித்தன. தென் மாநிலங்களில் இச்சட்டங்கள் கறுப்பின மக்களையே குறிவைத்தன. அடிமை முறையை ஒழித்த 13ஆவது அரசமைப்புத் திருத்தம், குற்றத்திற்கான தண்டனையாகக் கட்டாய உழைப்பை அனுமதித்தது. அவ்விலக்கைப் பயன்படுத்தி, விடுதலை பெற்றவர்களைக் கைது செய்து தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் குத்தகைக்கு விட்டனர்.

ரயிலிலும் நிறவெறி உடன் பயணித்தது. 1931இல் அலபாமாவில் சரக்கு ரயிலிலிருந்து இறக்கப்பட்ட ஒன்பது கறுப்பினச் சிறுவர்கள், இளைஞர்கள் மீது பொய்யான பாலியல் வன்கொடுமை வழக்கு சுமத்தப்பட்டது. எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 'ஸ்காட்ஸ்பரோ' வழக்கு எனப்படும் இதனைக் கறுப்பினப் பாடகர் லெட் பெல்லி பாடலாக்கினார்.

ஹோபோக்களின் பாடல் அரசியல் வடிவம் பெற்றது, 1905இல் சிகாகோவில் தோன்றிய உலகத் தொழிலாளர்கள் சங்கத்தின் வழியாக. தெருக்களில் தமது பேச்சை அமுக்கிய மத ஊழியர்களின் வாத்திய இசைக்குப் பதிலாக, அதே தேவாலய மெட்டுகளில் எள்ளல் பாடல்களை அவர்கள் கட்டினர். 1909இல் அச்சங்கத்தின் சிறு சிவப்புப் பாடல் நூல் வெளிவந்தது. இறந்த பின் விருந்து உண்டு எனப் பசித்தவரிடம் போதிப்பதைப் பகடி செய்த பாடலாசிரியர் ஜோ ஹில், நியாயமான விசாரணை மறுக்கப்பட்டதாகக் கண்டனங்கள் எழுந்த ஒரு கொலை வழக்கில், 1915இல் யூட்டாவில் சுட்டுக்கொல்லப்பட்டார்.

இசைத்தட்டுத் தொழில் இப்பாடல்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ரயில்வே தொழிலாளராக இருந்த ஜிம்மி ரோட்ஜர்ஸ், பணமின்றி ரயிலிலிருந்து தள்ளப்பட்டவனின் கதையை 1928இல் பதிவு செய்தார். கன்ட்ரி இசையின் தந்தை என இன்று அவர் போற்றப்படுகிறார். அதே ஆண்டு ஹாரி மெக்ளின்டாக் பதிவு செய்த 'பிக் ராக் கேன்டி மவுன்டன்', காவலரும் சிறையும் வலுவிழந்த ஒரு கனவு நாட்டைப் பாடியது. பிற்காலத்தில் மதுவும் புகையிலையும் நீக்கப்பட்டு அது குழந்தைப் பாடலாக மாற்றப்பட்டது. வறியோர் கலிபோர்னியாவிற்குள் நுழையாதவாறு 1936இல் லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறை எல்லைகளில் நின்று தடுத்ததை வுடி கத்ரி பாடினார். அவர் வழியில் வந்தவரே பாப் டிலன். ரோஜர் மில்லரின் 1965ஆம் ஆண்டுப் புகழ்ப் பாடலிலோ ஹோபோ கவலையற்ற நாடோடியாகிவிட்டார். கைதும் தடியடியும் அங்கு இல்லை.

பாடல் பரவியபோது அதை ஆக்கியவர் மறைக்கப்பட்டதும் உண்டு. வீட்டு வேலை செய்து வாழ்ந்த கறுப்பினப் பெண் எலிசபெத் காட்டன் இளமையில் இயற்றிய 'ஃப்ரைட் ட்ரெய்ன்', 1957இல் பிரிட்டனில் பிறர் பெயரில் வெற்றி பெற்றது. போராடியே அவர் தம் உரிமையை மீட்டார்.

சட்டம் தாமதமாகவே அசைந்தது. வறியவரை மாநிலத்திற்குள் அழைத்து வருவதைக் குற்றமாக்கிய கலிபோர்னியச் சட்டத்தை 1941இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. 1972இல் ஜாக்சன்வில் நகரின் அலைந்து திரிவோர் சட்டம், தெளிவின்மையால் செல்லாது எனத் தீர்ப்பாயிற்று. ஆயினும் 2024இல் கிராண்ட்ஸ் பாஸ் வழக்கில், வீடற்றோர் பொதுவெளியில் உறங்குவதற்குத் தண்டனை விதிக்க நகரங்களுக்கு அதே நீதிமன்றம் அனுமதி அளித்தது. ஹோபோக்களின் பாடல்கள் தொடுத்த வழக்கு இன்னும் முடியவில்லை என்றே நாம் கருதுகிறோம்.